அந்த ஹார்டு டிஸ்க்கை எடைக்குப் போடாதே

வெள்ளிமலை கோவிந்தனின் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டு போயின. வைரஸ் என்று உன்னிடம் சொன்னேன். வைரஸ்தான். ஆனால் அதை உள்ளே விட்டவன் நான். அதிலிருந்து படங்களை மீட்க ஒரு வழி இருந்த நாட்களில் அந்த வழியை அடைத்தவனும் நான். இந்த இரண்டையும் உன்னிடம் சொல்லவில்லை.

நேற்று சென்னையிலிருந்து போனில் நீ கேட்டாய். "அத்தா, பீரோவுல ஒரு பழைய டிஸ்க்கு துணியில சுத்திக் கெடக்குதே, கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறப்ப மத்த சாமானோட சேத்து எடைக்குப் போட்டுடட்டா?" வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ வேறு ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாய். உன் நிக்காஹ் முடிந்த மறுவாரம் கடைச் சாவி உன் கைக்கு வருகிறது. எனக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. ஸ்க்ரூவின் தலை எது, நிழல் எது என்று தெரியவில்லை. இந்தக் கண்ணோடு கம்ப்யூட்டர் கடை நடத்த முடியாது. சாவியோடு அந்த டிஸ்க்கும் உன்னிடம்தான் வருகிறது. அது ஏன் வருகிறது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நம் ஊரில் இந்தத் தொழில் செய்கிற வேறு பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். முதலில் கற்றது மாட்டுத் தரகு. தியாகதுருகம் பக்கத்துச் சந்தைகளில், துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கூட விலை தெரியாது. அங்கே நான் கற்ற பாடம் ஒன்றுதான். விலை படியவில்லையென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். விற்க வந்தவன் பின்னாலேயே வருவான். "இன்னா பாய், கோச்சிக்கினு போறீங்க" என்று கூப்பிடுவான். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் ஜெராக்ஸ் மிஷின் வாங்கினேன், சென்னையில் கம்பெனிகள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை மொத்தமாகப் பேசி லாரியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தேன், துடைத்து விற்றேன், உன்னைப் படிக்க வைத்தேன். அந்த வித்தையைக் குறை சொல்ல மாட்டேன். அது எங்கே செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நம்மிடம் கம்ப்யூட்டர் பெட்டி வாங்க வருகிறவனுக்கு அதற்குள் ஓடுகிற சிஸ்டம் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. டீவி வாங்குவது போல வாங்குவான். "எல்லாம் போட்டுக் குடு பாய்" என்பான். எல்லாம் என்றால் விண்டோஸ், போட்டோ வேலைக்கு ஒன்று, கணக்கு எழுத ஒன்று, தமிழ் எழுத்து, இரண்டு சினிமா. இதற்கெல்லாம் காசு கொடுத்து உரிமம் வாங்கினால் பழைய பெட்டியின் விலையைப் போல இன்னொரு மடங்கு ஆகும். எந்தக் கடைக்காரனும் வாங்கியதில்லை. நானும் வாங்கவில்லை. ஒரே நகலை நூறு பெட்டியில் ஏற்றினேன், பூட்டை உடைக்கிற சின்னச் சாவி மென்பொருளையும் சேர்த்து ஏற்றினேன். எதிர்க் கடைக்காரனும் அப்படித்தான், பஸ் ஸ்டாண்டு கடைக்காரனும் அப்படித்தான். திருட்டு என்று அதற்குப் பெயர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நீதான் கல்லூரியிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸைக் கொண்டுவந்தாய். "அத்தா, இதுவும் ஓசிதான், ஆனா திருட்டு இல்ல" என்றாய். நான் சிரித்தேன். "ஓசின்னு சொன்னா வாங்கறவன் இதுல இன்னாமோ கோளாறுன்னு நெனப்பான்டா. தானம் குடுத்த மாட்டயே பல்லப் புடிச்சிப் பாப்பான்." நீ விடவில்லை. முதல் பெட்டியாகக் கோவிந்தனின் பெட்டியைப் பிடித்தாய். கல்வராயன் மலைக்காரர்களுக்கு வெள்ளிமலையில் இருந்த ஸ்டுடியோ அவனுடையது. காது குத்து, கல்யாணம், பள்ளிக்கூடச் சான்றிதழுக்குப் படம், செத்தவர்களுக்கு மாலை போட்ட படம் எல்லாம் அவன் கைதான். பின்னால் அருவி வரைந்த ஒரு திரை. மலையிலேயே அருவி இருக்கிறது, ஆனாலும் எல்லோருக்கும் அந்தத் திரைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

நீ ஏற்றிக் கொடுத்த லினக்ஸில் அவனுடைய கிழட்டுப் பெட்டி குதிரை மாதிரி ஓடியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் போட்டோ அச்சடிக்கும் பிரிண்டர் அதோடு பேசவில்லை. பேனருக்கு அவன் பழகி வைத்திருந்த தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. நீ சென்னைக்கு வேலைக்குப் போன வாரமே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"பாய், உங்க புள்ள போட்டது நல்லாத்தான் கீது. ஆனா நான் போட்டோ புடிச்சிக்கினே இருக்கேன், ஒண்ணும் வெளிய வரமாட்டேங்குது. ஜனங்க காசக் குடுத்துட்டு மூஞ்சக் குடுன்னு கேக்குது."

எனக்கு அன்று உள்ளூர ஒரு சந்தோஷம். படித்த பிள்ளை தோற்றான், எட்டாவது ஜெயித்தான் என்று. உன்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், அந்தப் பிரிண்டருக்கு மட்டும் வேறு வழி சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய திருட்டு நகலையே ஏற்றிக் கொடுத்தேன். நீ சொல்லிவிட்டுப் போனதில் ஒன்றை மட்டும் கோவிந்தன் கேட்டான்: படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கினான். அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதை நானும் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அது பெட்டியோடு மாட்டியபடியே கிடந்தது.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. நீ சென்னையில் இருந்ததால் அங்கே ரயில் நின்றது, ரோடு நின்றது என்றுதான் பார்த்திருப்பாய். இங்கே அது நம் கடைக்குள்ளேயே நடந்தது. ஒதுக்கீடு கேட்கிறவன் மனு டைப் அடிக்க வருவான். அவன் போன சூட்டில், அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மனு அடிக்க இன்னொருவன் வருவான். இருவருக்கும் ஒரே ரேட். "நீங்க எந்தப் பக்கம் பாய்?" என்று ஒருவன் கேட்டான். "ஜெராக்ஸ் பக்கம்" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். ஆனால் ஊர் சிரிக்கிற நிலையில் இல்லை. ஊர்வலம் வருகிற நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். ஒரே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு டீக்கடை பார்த்துக்கொண்டார்கள். தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள், உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன, மலைக்குப் போகிற பஸ் நின்றுபோனது.

சாதிச் சான்றிதழ் என்ற வார்த்தை எல்லோர் வாயிலும் இருந்ததால் மலையிலும் ஜனங்கள் பயந்துபோய்ச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஓடினார்கள். இருக்கிறதும் போய்விடுமோ என்ற பயம். கோவிந்தன் ஸ்டுடியோவில் கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவன் கம்ப்யூட்டர் திரை கறுத்து, இது அசல் நகல் அல்ல என்று எழுத்து வந்துவிட்டது. எனக்குப் போன் போட்டான். பஸ் ஓடியிருந்தால் பெட்டியைக் கீழே கொண்டுவந்திருப்பான், நான் பழைய சாவியைப் போட்டுச் சரி செய்திருப்பேன். பஸ் இல்லை. நெட்டில் தேடினேன். புதுச் சாவி என்று ஒன்று கிடைத்தது. நம் கடைப் பெட்டி எதிலும் ஓட்டிப் பார்க்காமல் அவன் போனுக்கு அனுப்பினேன்.

"பாய், வைரஸ் காவக்காரன் வேணாங்குறான். செவப்பா காட்டறான்."

"அவன் அப்படித்தான் காட்டுவான். அவன அணைச்சிட்டு இத ரெண்டு தட்டு தட்டு."

"ஒண்ணும் ஆவாதே?"

"நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல. இந்த வார்த்தையை நீ கடையில் உட்கார்ந்து யாரிடமும் சொல்லாதே. அறிவுரை என்று இந்தக் கடிதத்தில் ஏதாவது இருந்தால் அது இதுதான்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். எல்லாப் படத்தின் பெயருக்கும் பின்னால் ஒரு வால் முளைத்திருக்கிறது, எதுவும் திறக்கவில்லை, இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்திருக்கிறது என்றான். வெளியே மாட்டியிருந்த டிஸ்க்கிலும் அதே. போனில் படம் பிடித்து அனுப்பினான். படங்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் நெட்டில் புழங்குகிற காசில் இத்தனை டாலர் அனுப்பு, மூன்று நாளுக்குள் என்றால் பாதி விலை, கீழே இமெயில் இருக்கிறது. அவ்வளவுதான் கடுதாசி.

கோவிந்தன் மறுநாள் காலையிலேயே மலையிலிருந்து நடந்தும், வழியில் கிடைத்த பைக்கில் ஏறியும் வந்து சேர்ந்தான். கையில் பெட்டி, இடுப்பில் பணம். ஆடுகளை விற்றிருந்தான். பாதி விலைக்குச் சரியாக இருந்தது. "குடுத்துடுங்க பாய்" என்றான். பூட்டியதில் அவன் தொழில் முழுவதும் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது அதை அல்ல.

"காளியம்மா பொண்ணு படம் அதுலதான் கீது பாய். அந்தப் பொண்ணு சுமதி, மழையில காய்ச்ச கண்டு, டோலி கட்டித் தூக்கியாரப்ப வழியிலயே போயிட்டாளே, அந்தப் பொண்ணு. அதுக்கு முன்னாடி ஆஸ்டல்ல சேரணும்னு ஆயும் பொண்ணுமா வந்து எடுத்தாங்க. அப்படியே ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு நின்னாங்க. பெரிய படமா போட்டுக் குடு, கெழங்கு வித்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வேற படமே கெடையாது."

நான் நம்பவில்லை. இந்தக் காலத்தில் ஒரு படம் கூடவா இருக்காது என்று கேட்டேன். காளியம்மாளிடம் இருப்பது பட்டன் போன். சுமதியின் ஆதார் அட்டையில் இருப்பது விவரம் தெரியாத வயசில் எடுத்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. ஆஸ்டல் விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தைப் பிறகு நானே போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வாய்வரை ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தார்கள்.

அன்று எனக்கு இரக்கம் வரவில்லை என்று நினைக்காதே. வந்தது. ஆனால் அதைவிட வேகமாக என் பழைய வித்தை வந்தது. முதல் வார்த்தையிலேயே பாதிக்கு இறங்குகிறவன் கால் விலைக்கும் இறங்குவான். இது எந்தச் சந்தையிலும் பொய்த்ததில்லை. கோவிந்தனின் பணத்தை அவன் இடுப்பிலேயே முடியச் சொன்னேன். "ஆட்டக் கொறச்சலுக்கு வித்துட்டு வந்திருக்க. இதையாவது நான் கம்மியா முடிச்சித் தரேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். மலைக்காரன், ஏழை, கால் விலை தருகிறோம். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: குறைக்க முடியாது. நான் சிரித்தேன் தம்பி. உடனே பதில் போடுகிறவன் விற்கத் துடிக்கிறவன். துண்டை உதறித் தோளில் போட்டேன். பதில் எழுதவில்லை.

மறுநாள் ஊர்வலம். ஷட்டர் இறங்கியது. அதற்கும் மறுநாள் கடையே திறக்கவில்லை. கோவிந்தன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து வந்து போனான். உன் அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். "குடுத்துத் தொலைங்களேன், அந்தாளு காசத்தானே" என்று என்னைக் கேட்டாள். "ஒனக்கு யாவாரம் தெரியாது" என்றேன். மூன்று நாள் கழிந்தது. பூட்டியவன் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான் எழுதினேன், பாதி தருகிறேன் என்று. பாதி முடிந்துவிட்டது, முழு விலை என்று பதில் வந்தது. கோவிந்தனிடம் அவ்வளவு இல்லை, மீதியை நான் போட்டேன். நெட்டுக் காசு எப்படி வாங்குவது என்று விசாரித்து முடிப்பதற்குள் அந்த இமெயில் செத்துப்போனது. எழுதினால் திரும்பி வந்தது. இன்றுவரை திரும்பித்தான் வருகிறது.

முதல் நாளே கொடுத்திருந்தால் சாவி வந்திருக்குமா? தெரியாது. கொடுத்தும் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்று பிறகு படித்தேன். திருடனுக்குக் கொடுக்காதே என்று போலீஸும் சொல்கிறது. நான் அதற்காகக் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று நன்றாகத் தூங்குவேன். நான் லாபத்துக்காகக் கொடுக்காமல் இருந்தேன். அடுத்தவன் மாட்டை வைத்து நான் பேரம் பேசினேன். திரும்பி நடந்தால் பின்னால் வருவதற்கு அங்கே ஆள் இல்லை. என் முகம் அவனுக்குத் தெரியாது, சந்தை தெரியாது, அடுத்த வாரம் என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

இனி நீ எதை விற்பாய் என்பது உன் இஷ்டம். நான் கண்டதைச் சொல்கிறேன். விண்டோஸா லினக்ஸா என்று நீயும் நானும் அடித்துக்கொண்டோம். நம் கடையில் இருந்தது அந்த இரண்டும் இல்லை. காசு கொடுத்த விண்டோஸும் இல்லை, ஓசி லினக்ஸும் இல்லை, திருட்டு நகல் ஒன்றுதான் இருந்தது. பெட்டி கேட்டு வருகிறவனிடம் எது வேண்டும் என்று கேட்காதே, என்ன வேலை என்று கேள். மலைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாடம் எழுதவும் நெட் பார்க்கவும் கேட்டார். லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், இன்றுவரை ஒரு வைரஸ் புகார் இல்லை. அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு அவர் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், உரிமத்துக்குக் காசு கேட்டேன், முறைத்துக்கொண்டே கொடுத்தார். பிரிண்டரைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடு. லினக்ஸ் நல்லது என்று பிரசங்கம் பண்ணாதே, ஜனங்களுக்கு வேலை நடக்க வேண்டும். அன்று நீ பிரிண்டரைப் பார்க்காமல் போனது உன் தப்பு. அது சின்னத் தப்பு. இன்னொன்று, காசு கொடுக்கச் சொன்னால் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போவார்கள். போனார்கள். வியாபாரம் கம்மியானது. அதை மறைத்து உன்னிடம் கடையைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மரத்தை அப்புறப்படுத்திப் பஸ் விட்டதும் மலைக்குப் போனேன். கோவிந்தனுக்கு வேறு பெட்டி, உரிமத்தோடு. அவன் வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பிக் காளியம்மாளை வரவழைத்தான். மரவள்ளி பிடுங்கிய மண் கையோடு வந்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன், பேரம் பேசியது உட்பட. அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். பூட்டிய டிஸ்க் என் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம் பொண்ணு இதுக்குள்ள கீறாளா, இல்லியா?"

"இருக்கா. பூட்டிக் கெடக்கு. சாவி இல்ல."

"சாவி எப்பனா வருமா?"

சில பூட்டுகளுக்கு, நல்லவர்கள் யாராவது உடைத்துச் சாவியை நெட்டில் போடுவதுண்டு, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றேன்.

"அப்ப நீ வச்சிக்கோ. என் வூடு ஒழுவுது. வருசா வருசம் கெழங்கு கொண்டாரப்ப வரேன். எங் கண்ணு எதுர்ல பாரு."

கோவிந்தன் அன்று ஒரு வார்த்தை சொன்னான். "சாவி வந்தா படத்த இலவசமாப் போட்டுக் குடுத்துடுவோம்மா." காளியம்மாள் தலையை ஆட்டினாள். "வேணாம். பலகையில போட்டிருந்த வெலைக்குத்தான் வாங்குவேன்" என்றவள் என்னைப் பார்த்து, "நீ கொறைக்காத" என்றாள்.

வருஷா வருஷம் வருகிறாள். கிழங்கு லாரி இறங்கிய கையோடு கடைக்கு வருவாள், ஸ்டூலில் உட்காருவாள். நான் மாட்டிப் பார்ப்பேன், சாவிகள் போடும் தளத்தில் தேடுவேன், இல்லை என்பேன். எழுந்து போவாள். போன தடவை தலை நரைத்திருந்தது. அன்று நீ லீவில் வந்து கடையில் இருந்தாய், கிழங்கு விற்க வந்த அம்மா யாரோ என்று நினைத்து, என்ன வேண்டும் என்று கேட்டாய்.

நான் ஒத்துக்கொண்ட விவரம் இது, கடைச் சாவியோடு உனக்கு வருகிறது. அந்த டிஸ்க்கை அழிக்கக் கூடாது, விற்கக் கூடாது, எடைக்குப் போடக் கூடாது. லினக்ஸ் பெட்டியில் மட்டும் மாட்ட வேண்டும், அதில் அந்த வைரஸ் ஓடாது. கிழங்குப் பருவத்தில் காளியம்மாள் வரும்போது அவள் கண் எதிரில் தேட வேண்டும். அவள் வராத வருஷமும் தேட வேண்டும். டீ நம் செலவு. என்றைக்காவது திறந்தால் ஆயும் பொண்ணும் அருவித் திரைக்கு முன்னால் நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, நீயே மலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விலை, கோவிந்தன் ஸ்டுடியோப் பலகையில் அன்று எழுதியிருந்த விலை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, வாங்காமல் இருக்கவும் கூடாது.